சாமி படமும் பிறப்புப் பத்திரமும்

9.11.1978

மழை விடவில்லை. கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து என் முகம் போய்விட்டது. அவர் முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதுவாவது உருப்படட்டும்.

இந்தக் குளிரில் ஒரு தாளும் தங்காது. நீலாவதியக்கா அதைத்தான் பெரிய நியாயமாகப் பேசுகிறாள். அவள் என் மூத்தாருடைய பெண்டாட்டி, அவருக்கு அண்ணி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். மாமனார் செத்ததிலிருந்து இரண்டு குடும்பத்துக் காகிதமும் அவள் வீட்டு அடுப்புக்கு மேலே, பரணில், ஒரு பிஸ்கட் டின்னில். மிளகாயும் கருவாடும் காய்கிற இடம்! "புகை பட்டா பூஞ்சணம் வராதுடி, கரையானும் வராது" என்கிறாள். அதற்குள்தான் என் வீட்டுக்காரருடைய பிறப்புப் பத்திரம் இருக்கிறது.

அவருக்கு இன்னும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்ட அந்த ஒரு தாளைத் தவிர வேறு நாதி இல்லை. நகல் எடுக்கலாம் என்றால், அவர் பிறந்த ஊர் ஆபீசில் பழைய புத்தகமெல்லாம் ஜப்பான்காரன் காலத்தோடு போய்விட்டதாம்.

11.11.1978

கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"பெரியவன் வீட்டுல இருக்கணும்னு மாமா சொல்லிட்டுப் போனாரு. வேணுங்கிற அன்னிக்கு வாங்கிக்கலாம்லா. இப்ப என்ன அவசரம்? குடும்பத்தப் பிரிக்கப் பாக்கறியா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். வாயில் கொழுக்கட்டை.

17.11.1978

பேய்க் காற்று. மத்தியானம் அவர்கள் வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கூடத்தில் மாட்டியிருந்த பெரிய முருகன் படத்தைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். டின் பரணிலேயே கிடந்தது, கொட்டுகிற மழையில், மூடியும் சரியாக மூடாமல்! நான்தான் ஏறி எடுத்தேன். பத்திரத்து முத்திரையில் ஒரு ஓரம் மை கரைந்திருக்கிறது. எழுத்து தப்பியது.

கையில் எடுத்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். மூத்தார் வந்து வாங்கிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். மனுஷனா இவரு?

20.11.1978

இன்று கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் எல்லார் முன்னாலும் கேட்டே விட்டேன். "சாமி படம் தாப்பா டவுன் கடையில நூறு தொங்குது! என் புருஷன் பொறந்த சூராட், அந்தப் பத்திரம், எந்தக் கடையில விக்குது? முருகன் வந்து ஐசி குடுப்பாரா? வீடு பத்தி எரிஞ்சாலும் நீ அந்தக் கண்ணாடியத்தான் கட்டிக்கிட்டு ஓடுவே!"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு போனாள். போகட்டும். உறைக்கட்டும்.

2.12.1978

இன்றும் சொன்னேன், குழாயடியில். விடமாட்டேன்.

13.1.1979

போகி. அக்கா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க நானாகப் போனேன். "சூரியன் மேக்க உதிச்சிடுச்சா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் குழாய்க்குப் போன நேரம் பார்த்து டின்னைத் திறந்தேன். பத்திரம் புகையில் பழுத்து, டீத்தண்ணி நிறத்தில் கிடந்தது. மடிப்பு விரல் பட்டாலே விடுகிறது. தேயிலைப் பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்குமே ஈயத்தாள், அதில் ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன். அதில் சுற்றி, துடைக்கக் கழற்றிய முருகன் படத்துக்குப் பின்னால், கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்து ஆணியை அடித்துவிட்டேன்.

என் வீட்டுக்குக் கொண்டுவந்தால்? மூத்தார் டின்னைத் திறந்து பார்த்த அன்றைக்கே வந்து நிற்பார், இவர் எடுத்து நீட்டுவார். என் வீட்டுச் சுவரும் ஒழுகுகிறது. அங்கேயே இருக்கட்டும். இடி விழுந்தாலும் இவள் முதலில் தூக்கப்போவது சாமியைத்தான். நீயே காவல் இருடி அம்மா!

யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும்தான். இவர் வாய் கள்ளுக்கடையில் திறந்துகொள்ளும்.

22.2.1979

ஆபீஸ் கிராணி சொன்னார்: மார்ச் 12 பதிவு ஆபீஸ்காரர்கள் தோட்டத்துக்கே வருகிறார்களாம். சிவப்பு ஐசிக்காரர்கள் பத்திரத்தோடு வர வேண்டும். 11ஆம் தேதி, முருகன் படத்துக்கு மாலை மாற்றுகிறேன் என்று போய் எடுத்துக்கொள்வேன்.

அக்காவே வந்து சொன்னாள், "வெள்ளன வந்து வாங்கிக்க நவமணி, எடுத்து வச்சிருக்கேன்." திறந்து பார்த்திருக்கமாட்டாள். திறந்தாலும் அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது.

6.3.1979

எழுதித்தான் ஆகவேண்டும்.

பத்து மணி இருக்கும். கொழுந்து மலையில் நிற்கிறோம், லயத்துப் பக்கம் புகை. "தீ! தீ!" என்று கங்காணி கத்துகிறார். கூடையை வீசிவிட்டு ஓடினேன். அக்கா காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். அவள் அடுப்பில்தான் பிடித்திருக்கிறது. பரண் முழுக்க நெருப்பு. அவள் வெளியே வந்து, மறுபடி உள்ளே ஓடினாளாம். நான் போய்ச் சேரும்போது வாசலில் விழுந்து கிடக்கிறாள். இரண்டு கையிலும் தோல் உரிந்து தொங்குகிறது. மடியில் அந்த டின்.

"சாமி எங்கக்கா?" என்று கேட்டேன். கத்தினேன். "படம் எங்க? படம் எங்க?"

"விட்டுட்டேன் நவமணி. நீ சொன்ன சொல்லு காதுலயே நின்னுச்சு. மொதல்ல இதத்தான் எடுத்தேன். இந்தா, தம்பியோட சூராட்."

ரெண்டு வீடும் போச்சு. மடியில செருகியிருந்த இந்த நோட்டு மட்டும் மிச்சம். கூடத்துச் சுவரோட எல்லாம் போச்சு. அய்யோ, முருகா.

8.3.1979

தானா ராத்தா ஆஸ்பத்திரி. அக்காவுக்குக் கை இரண்டும் கட்டு. டின்னில் அவள் பிள்ளைகள் காகிதமெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. "தம்பியோடது மட்டும் இல்லியாமே? தூக்கும்போது விழுந்துருக்கும்டி. நான் பாவி" என்று அழுகிறாள். கஞ்சி ஊட்டினேன்.

12.3.1979

இவர் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வந்தார். தாள் இல்லாமல் முடியாதாம். "அண்ணி மேல கோவப்படாத நவமணி" என்றார் என்னிடம்.

13.4.1980

வருஷப் பிறப்பு. புது லயம். இவருக்கு ஒர்க் பெர்மிட் இந்த வருஷத்துக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த வருஷம் தோட்டத்துத் துரை என்ன சொல்வாரோ, தெரியாது. பெர்மிட் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை.

அக்கா புது முருகன் படம் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு விரல் மடங்காது. கொழுந்து வேலையும் போய்விட்டது. மாட்டிக் கொடு என்று என்னைக் கூப்பிட்டாள். ஸ்டூலில் ஏறினேன். கீழே நின்று இவரிடம் ஆரம்பித்தாள், "தம்பி, நல்ல நாளும் அதுவுமா மறுபடி கேக்கறேன், என்னைய மன்னிச்சிருங்க. அந்தத் தாளு எங்க விழுந்துச்சோ..."

"விடுங்கண்ணி" என்றார் இவர்.

இரண்டு பேரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். நானும் ஏதாவது சொல்வேன் என்று.

"ஆணி ஆடுது. வேற ஆணி எடுங்க" என்றேன்.