அம்பலவாணன் என் அப்பா இல்லை

2025 ஜனவரி 12, ஞாயிறு, லண்டன்

மகள் ஜதுர்ஷிகா காலையிலிருந்து லாப்டாப்பும் கையுமாக இருக்கிறாள். அவள் கட்டப்போகும் வெள்ளைக்காரப் பொடியனின் வீட்டில் இருநூறு வருட வம்சாவளி வைத்திருக்கிறார்களாம். எல்லாம் பழைய உயில்களைத் தேடி எடுத்தது. இந்த நாட்டில் ஒருவர் செத்து, அவருடைய உயிலும் பதிவாகிவிட்டால், கட்டணம் கட்டி யாரும் வாங்கிப் படிக்கலாம். பொடியனின் பூட்டனுக்குப் பூட்டன், தன் மகளுக்கு ஒரு கறவைப் பசுவும் இரண்டு மெத்தையும் விட்டுப் போயிருக்கிறார். பசுவுக்குக்கூட அத்தாட்சி இருக்கிறது.

"அப்பா, எங்கட பக்கம் உங்களோட நிக்குது. அப்பப்பான்ர பேரைப் போட்டிட்டன். அம்பலவாணன். சரியோ?"

"ஓம்" என்றேன். பிறகு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வரை சும்மா நடந்தேன்.

ஜனவரி 13

சரியில்லை. சரியே இல்லை. என் அப்பா பெனடிக்ற். மன்னாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் நிர்மலன்.

அம்பலவாணன் யாரென்று எனக்கே தெரியாது. தொண்ணூற்றிரண்டில் ஏஜென்ற் என் கையில் திணித்த பாஸ்போர்ட்டில் நான் சயந்தன், தகப்பன் பெயர் அம்பலவாணன். அதே பெயரில் அகதி கேஸ், விசா, சிற்றிசன், கலியாணம், வீடு. இனி வாயைத் திறந்தால் எதை எதைப் பிடுங்குவார்களோ. மனைவி தவமலருக்கு மட்டும் தெரியும், கலியாணத்துக்கு முதலே சொல்லிவிட்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குச் சொந்த வீட்டுக்குள்ளேயே பயம்.

ஜனவரி 30

தகப்பன் பெயர் அம்பலவாணன் என்று உள்ள, லண்டனில் செத்தவர்களை மகள் இப்போது தேடுகிறாள். பார்க்கிங் என்ற ஊரில் ஒருவர் அகப்பட்டார், இறந்தது 2011. "பெரியப்பாவா இருக்குமோ?" என்று கேட்டு, உயிலுக்கும் ஓடர் கொடுத்துவிட்டாள். முன்பின் தெரியாத மனிசன் எனக்கு அண்ணை ஆகப்போகிறார்.

பெப்ரவரி 11

உயில் வந்துவிட்டது. முதல் வரியிலேயே அந்த மனிசனுக்கு இரண்டு பெயர். இன்னாராகிய நான், இன்னார் என்ற பெயராலும் அறியப்பட்டவன் — அப்படி.

"ஏன் ரெண்டு பேர்?"

"அந்த நேரம் கனபேருக்கு ரெண்டு பேர், பிள்ளை." தவமலர் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

நான் அந்த வரியை நாலு தரம் படித்தேன். பார்க்கிங் அண்ணை கெட்டிக்காரன். அவர் உயிரோடு இருக்கும்வரை ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. செத்தவனை எந்தப் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்புவது?

பெப்ரவரி 27

இதயத்தில் மூன்று அடைப்பு. ஏப்ரலில் ஒப்பரேசன்.

மார்ச் 6

ஸ்ட்ரெதமில் லோயர் வேதவல்லியிடம் போனேன். மகள்தான் காரில் கொண்டுபோனாள். அவளை வெளியே இருத்திவிட்டேன்.

என் உயிலில் இரண்டு பெயரையும் போடச் சொன்னேன். அப்பா பெயரையும். என்னைக் கத்தோலிக்கனாக அடக்கம் செய்யவேண்டும் என்றும். லோயர் பேனையை வைத்துவிட்டார்.

"இதைப் பிள்ளைக்கு நேரிலயே சொல்லலாமே, அண்ணை?"

"ஏலாது தங்கச்சி. தெரிஞ்சா அவளும் ஒளிக்கவேணும். நான் ஒருத்தன் ஒளிக்கிறது காணும்."

உயிலை டைப் அடித்துத் தபாலில் அனுப்புவாராம். சரிபார்த்து, பிறகு வந்து ஒப்பம் வைக்கலாம்.

ஆக, நான் செத்தால்தான் என் அப்பா என் மகளுக்குப் பிறப்பார். நல்ல ஏற்பாடு. காரில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 17

வெள்ளிக்கிழமை நெஞ்சுநோ வந்து அவசரமாக ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். ஒப்பரேசன் வியாழக்கிழமையாம். படிவத்தில் சமயம்: இந்து. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் வந்து செபித்தார். நான் போர்வைக்குள் கையை விட்டுச் சிலுவை போட்டேன். ஐம்பத்தேழு வயதில் கள்ளச் சிலுவை!

மார்ச் 18

ஐயோ, தபால்!

எங்கள் வீட்டுக்கு வரும் இங்கிலிஷ் கடிதமெல்லாம் மகள்தான் உடைப்பாள். எட்டு வயதிலிருந்து. காஸ் பில், கவுன்சில், பாங்க் — யார் பெயருக்கு வந்தாலும். நானே பழக்கிய பழக்கம். எப்பிடி மறந்தன்? மண்டையில ஒண்டுமே இல்லையோ எனக்கு?

தவமலருக்குப் போன் எடுத்தேன். "லோயரின்ர கடிதமோ? சனிக்கிழமையே வந்திட்டுது. மேசையில கிடந்தது, இப்ப காணேல்லை."

மகள் நேற்று வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாளே. ஒன்றும் கேட்கவில்லையே.

மார்ச் 19

நாளை ஒப்பரேசன். மாலையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. பின்னால் வயதான தமிழ்ச் சுவாமியார் ஒருவர். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

"நான் இப்ப ஒண்டும் கேக்கேல்லை, அப்பா. ஒப்பரேசன் முடிஞ்சு வாங்கோ, இருந்து கதைப்பம்."

"உனக்கும் சுமையாப் போச்சு, பிள்ளை."

"சத்தம் போடாமப் படுங்கோ."

சுவாமியார் நோயாளிக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். செபிப்பதற்குப் பெயர் கேட்டார். பழக்கத்தில் 'ச' என்று தொடங்கிவிட்டேன்.

"நிர்மலன்" என்றாள் மகள். "பெனடிக்ற்றின்ர மகன்."