ஆறு மணிக்குப் பூட்டாத பூங்கா

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கத்துடன் செண்பகவல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே செவிலிமேட்டில் என் பொறுப்பில் ஒரு பூங்கா இருக்கிறது. மாலையானால் சிலர் உள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள். அதனால் ஆறு மணிக்கே பூட்டிவிட மாநகராட்சியில் முடிவானது. ஆனால் நெசவுப் பெண்கள் தறியை விட்டு எழுந்து காற்று வாங்க வருவதே ஆறுக்கு மேல்தான். "பூட்ட வேண்டாம் சார், விளக்கு போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கினேன்.

முதல் நாளே, குடிக்க வந்த ஒருவன் என் முன்னால் பாட்டிலைப் போட்டு உடைத்தான். காலில் சின்னக் கீறல்தான், ஆறிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மறுநாள் நெசவு செய்யும் தேவகி அக்கா, தெருப் பெண்களைக் கூட்டிவந்து குடிகாரர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சுகளிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமா, எங்க எடத்துல வந்து குந்திக்கினு கீறீங்க?" என்றான் பாட்டிலை உடைத்தவன்.

"எல்லாருக்கும் எடம் இருக்குது. பாட்டில வெளிய வச்சிட்டு நீயும் வந்து குந்துபா" என்றார் அக்கா.

பாட்டிலை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு வெளியே போனான். இப்போது ஒன்பது மணி வரை திறந்துவைக்க உத்தரவே வந்துவிட்டது. நேற்று அவனும் மகளை ஊஞ்சலாட்டக் கூட்டிவந்தான்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கதவைப் பூட்டிவிட்டு நான் அறைக்குத் திரும்புகிறேன். கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும். போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
வல்லி