உன் துப்பாக்கியைச் சரிசெய்துவிட்டேன், மாப்ள

என் பிரியத்துக்குரிய முத்து மாப்ள,

நீ நின்ற வங்கி வாசலில் இப்போது நான்தான் காவலுக்கு நிற்கிறேன். கே.கே. நகரில் எல்லாம் அப்படியே நடக்கிறது. முதலில் சிலர் உன்னைக் கேட்டார்கள். மாரடைப்பில் போய்விட்டாய் என்றேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

உன் பம்ப் துப்பாக்கியும் என்னிடம்தான் இருக்கிறது. விளாங்குடியிலிருந்து உன் மனைவி செல்வி போன் பண்ணினாள். "வேற யாருக்கும் குடுக்க மனசு வரலண்ணே, நீங்களே வச்சுக்கங்க." என் லைசென்ஸில் ஏற்றிய பிறகு, நீ போனபின் அவள் அதை ஒப்படைத்து வைத்திருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய் டம்மி தோட்டா போட்டு, முன்கட்டையைப் பின்னால் இழுத்தார். வெளியே விழவேண்டிய தோட்டா உள்ளேயே நின்றது. கழற்றிப் பார்த்தார். தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் மூக்கு உடைந்திருந்தது.

"ஒரு தடவ சுடலாம். அம்புட்டுத்தேன். காலிக் கூடு உள்ளயே மாட்டிக்கும், அடுத்தது ஏறாது" என்றார். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்தார். "உடஞ்ச எடத்துல அரம் போட்டுருக்கு பாருங்கண்ணே. அவரே சரி பண்ணப் பாத்திருக்காரு."

ஆக, உனக்குத் தெரியும். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் இந்த வேலை; வெளியே சொன்னால் போய்விடும் என்று பயந்தாயா? பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்தோமே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

முதலில் வந்த கொக்கி வேறு மாடலுடையது, பள்ளத்தில் உட்காரவில்லை. உடைந்ததையே மாதிரிக்கு அனுப்பி, சரியானதை வரவழைத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பொருத்தினார். இழுத்ததும் தோட்டா தெறித்து மேசைக்கு அடியில் உருண்டது. சரி என்றேன்.

விளாங்குடிக்குப் போனபோது செல்வியிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்ச நாளா வேலைக்குப் போறப்ப தெருமொனையில நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போவாருண்ணே. இந்த வயசுல இது வேறயான்னு நான் சிரிச்சேன்."

கையில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"உங்க துப்பாக்கியில ஒண்ணுன்னா வாய தொறந்து சொல்லிருங்கண்ணே. வேல போனா போகுது" என்றாள்.

சொல்லிவிடுவேன், மாப்ள. அன்றைக்கே சொல்லிவிட்டு, வேலை இருந்தாலும் போனாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உன் மச்சான்,
பாண்டி