துடைக்காத ஸ்லைடு

சென்னை
8.1.2024

அன்புத் தங்கை சத்தியாவுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா உன் பெயருக்கு எழுதிவைத்த தியேட்டரை இடிக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் இஷ்டம். மானகிரியில் நான் கட்டியிருக்கும் ஓட்டலில், வந்து தங்குகிறவர்கள் படம் பார்க்க ஒரு சின்ன ஹால் இருக்கிறது. நம் பாக்ஸ் சோபாக்கள், சிவப்பு வெல்வெட் திரை, டிக்கெட் கவுண்டரின் பித்தளைக் கம்பி, ஸ்லைடு மெஷின் எல்லாம் அங்கே வந்தால் அப்பா பெயர் நிலைக்கும். பழைய கோபத்தை இன்னுமா வைத்திருக்கிறாய்? சின்ன வயதில் நடந்தது.

உன் அண்ணன்
உதயகுமார்


காரைக்குடி
18.1.2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

பொங்கல் வேலையில் பதில் தாமதம். முழங்கால் பரவாயில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சோபாவில் ஸ்பிரிங் குத்தும். திரையை எலி கொஞ்சம் கடித்திருக்கிறது. ஸ்லைடு மெஷின் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படம் பார்க்கிற ஒருவரை அவசரமாக வெளியே கூப்பிட வேண்டுமென்றால், மை பூசிய கண்ணாடியில் ஊசியால் பெயரைக் கீறித் திரையில் காட்டுவோம். சாவுக்கும் பிரசவத்துக்கும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறோம்.

அப்பா ஊரில் இல்லாத அன்று என்னையும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். கொட்டகையே படித்தது. வாசலில் வைத்து அடித்தீர்கள். மறுநாளே காலேஜை நிறுத்தினீர்கள். என்னோடு படம் பார்த்த லூர்து பிரகாஷின் குடும்பத்தை ஊரைவிட்டே போகவைத்தீர்கள். சின்ன வயதுதான். எனக்கும் அப்போது சின்ன வயதுதான்.

ஸ்லைடுகளையும் ஒரு பெட்டியில் அனுப்புகிறேன். ஓட்டல் திறப்பு விழாவில் படத்துக்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். வரிசையாக அடுக்கியிருக்கிறேன், கலைக்க வேண்டாம்.

உங்கள் தங்கை
சத்தியப்பிரியா


சென்னை
20.2.2024

அன்புத் தங்கைக்கு,

லாரியில் எல்லாம் பத்திரமாக மானகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. நீ இத்தனை சுலபமாகக் கொடுப்பாய் என்று நான் நினைக்கவில்லை. உன் அண்ணி அழுதேவிட்டாள். எலி கடித்த இடத்தைத் திரையின் மடிப்பில் மறைத்துவிட்டோம். ஸ்லைடு பெட்டியை நான் திறக்கவே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து பார்த்தால்தான் ருசி.

நம் சுபாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் திறப்பு விழாவுக்கு வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா பொன்னழகு உன்னைப் பற்றி விசாரித்தார். அப்பாவின் தியேட்டரைக் கவனிக்க வேண்டுமென்று கல்யாணமே வேண்டாம் என்றவள் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல். உனக்கு பாக்ஸ் சோபாவில் இடம்.

உன் அண்ணன்
உதயகுமார்


காரைக்குடி
4.3.2024

அண்ணனுக்கு,

திறப்பு விழாவில் 'வணக்கம்' என்ற ஸ்லைடு வந்ததும் கைதட்டினார்கள். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குச் சிரித்தார்கள். அதற்கு அடுத்தது உங்கள் கையெழுத்து. "லூர்து பிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சத்தியப்பிரியா உடனே வெளியே வா. அண்ணன் உதயகுமார்." காரியம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மை பூசுவதுதான் நம் கொட்டகை வழக்கம். அதை மட்டும் துடைக்க விடாமல், மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஒட்டி, இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

லைட்டைப் போடச் சொல்லி நீங்கள் கத்தியதால் எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன், இந்த முழங்காலோடு மெதுவாக. பொன்னழகு பின்னாலேயே வந்தார்.

"அது நீங்கதானா மதினி?"

"நாந்தேன்."

"அப்ப தியேட்டருக்காகக் கல்யாணம் வேணாம்னீகன்னு அவுக சொன்னது?"

"அதை அவுககிட்டயே கேளுங்க."

கேட்டாராம். நீங்கள் படத்தைப் போடச் சொன்னீர்களாம். நேற்று சுபா வந்து சொன்னாள். "நான் யாரையாச்சும் விரும்பியிருந்தா அப்பா என்னையும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாகளா அத்தை?" என்று கேட்டு அழுதாள். உங்களிடம் வந்து கேட்பாள், நீங்கள் சொல்லுங்கள்.

அவளுக்காக வருத்தப்படுகிறேன். உங்களுக்காக இல்லை. எனக்கு மனசு குளிர்ந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

சோபா, திரை எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். அந்த ஸ்லைடையும் இனித் துடைத்துவிடலாம். படிக்க வேண்டியவர்கள் படித்தாகிவிட்டது.

சத்தியப்பிரியா