உன் பக்கம் தள்ளிவிட்ட பாம்பு

என் நூருவுக்கு,

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நீ "அக்கா" என்று கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிறது. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்ட குரல். இப்போதும் காலையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் காது தானாக அந்தப் பக்கம் போகிறது. போய்விட்டு ஒன்றுமில்லாமல் திரும்பி வருகிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல எனக்கு ஒன்றரை நாள் இருந்தது.

நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருந்த காலி மனை நினைவிருக்கிறதா? மூலக்குளத்தில் வயலெல்லாம் வீடாகிப்போன பிறகும் அது மட்டும் கோரையும் குப்பையுமாகக் கிடந்தது. குப்பைக்குப் பெருச்சாளி வந்தது, பெருச்சாளிக்குப் பாம்பு வந்தது. உன் தோட்டத்தில் பெருச்சாளி தோண்டிய பள்ளத்தை நீ கல் போட்டு மூடுவாய். மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். "வாடகை குடுக்காத குடித்தனம்க்கா இது" என்று சிரிப்பாய். உனக்குக் கோபமே வராதா என்று நான் நினைத்ததுண்டு.

அது ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. துவைக்கிற கல்லுக்கு அடியில் குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். தடியாக, சுருண்டு, முதுகெல்லாம் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாக. கண்ணாடி விரியன். நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் துணி காயப்போடும் கொடிக்கம்போடு ஓடி வந்தார். நீ வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாயே, அந்த மனுஷனுக்கு எதையும் அடிக்கக் கை வராது.

"பாம்பு புடிக்கறவங்களுக்கு போன் போடலாமா?" என்று கேட்டார்.

"அவுங்க எப்ப வந்து எப்ப புடிக்கறது. மொதல்ல அது இங்கேருந்து போனா போதும், தள்ளுங்க."

இதைச் சொன்னது நான்தான், நூரு. அவர் கம்பால் தள்ளத் தள்ள அது மதிலின் அடியில் மழைத்தண்ணீர் போவதற்காக விட்ட ஓட்டைக்குள் தலையை விட்டது. வால் கடைசியாக உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு செங்கல்லை எடுத்து அந்த ஓட்டையை அடைத்தேன். அந்தப் பக்கம் உன் வீடு.

உன்னிடம் சொல்ல உடனே மதிலோரம் வந்தேன். நீ போனில் உன் தங்கையோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். சரி, முடிக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே போனதும் சொல்லத் தயக்கமாகிவிட்டது. 'ஏங்க்கா எங்க பக்கம் தள்ளுனீங்க' என்று நீ கேட்டால் என்ன பதில் சொல்வது? அது எப்படியும் காலி மனைக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நீ சுண்டல் கொடுத்தாய். மதில்மேல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வெந்நீர் அடுப்புக்குப் பின்பக்கம் தென்னை மட்டை எடுக்கப் போனாய். நீ கூப்பிட்ட "அக்கா" எனக்கு உடனே புரிந்தது. முன்வாசல் வழியாக ஓடி வந்தேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"பெருச்சாளி கடிச்சிடுச்சு போலக்கா" என்றாய்.

கணுக்காலில் இரண்டு பல் பதிந்திருந்ததைப் பார்த்தேன். ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன பாம்புன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். "கண்ணாடி விரியன். நான் பாத்தேன்" என்றேன். எப்போது பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நீ மட்டும் கட்டிலில் படுத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம், நூரு? உனக்கு விளங்கிவிட்டதா? இல்லை, வலியில் சும்மா திரும்பினாயா? எட்டு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் சிறுநீரகம் கெட்டது. ஐந்தாம் நாள் நீ இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது நான் உன் வீட்டு வாசலில் நின்றேன். சலீம் தம்பி வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்: "பக்கத்து வீட்டு அக்காதான் பாத்து, தூக்கிட்டுப் போயி, இன்னா பாம்புன்னு சொன்னாங்க. அவுங்க இல்லன்னா நாலு நாள்கூட கெடைச்சிருக்காது." கண்ணீரோடு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். உன் புருஷன் என்னைக் கும்பிட்டார், நூரு. அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு துவைக்கிற கல் பக்கம் போகாமல் குளியலறையில் துவைத்தேன். சலீம் தம்பி தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து திரும்பும் நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். உன் மகள் நஸ்ரின் "பெரியம்மா, ரசத்துக்கு புளி எவ்ளோ?" என்று வந்து கேட்கும்போது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை.

போன மாதம் இன்னொன்று வந்தது. அதே மாதிரி, அதே இடம். அவர் பழக்கதோஷத்தில் கம்பை எடுத்தார். "தொடாதீங்க" என்று கத்தினேன். வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருந்தேன். ஆள் வர முக்கால் மணி நேரம் ஆனது. கொக்கியால் தூக்கிப் பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார். ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கும் இவ்வளவுதானே ஆகியிருக்கும்?

விஷயம் கேள்விப்பட்டு சலீம் தம்பி வந்தார். பட்டறைக் கறை கையில் அப்படியே இருந்தது.

"அன்னிக்கும் நீங்கதான் பாத்தீங்க, இன்னிக்கும் நீங்கதான் பாத்தீங்க" என்றார்.

இதற்குமேல் என்னால் முடியவில்லை. "தம்பி, அன்னிக்கு இல்ல. அதுக்கு மொத நாளே பாத்தேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சலீம் தம்பி மதில் பக்கம் திரும்பினார். பிறகு, "எந்த ஓட்டை?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். செங்கல் இன்னும் அங்கேதான் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ அங்க போயே இருக்க மாட்டாளேக்கா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து போய்விட்டார். அதோடு எங்களோடு பேச்சில்லை. நஸ்ரினும் வரவில்லை. அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

அதற்கு அப்புறம் செய்த வேலை ஒன்று உண்டு. தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மனைக்காரரைத் தேடிப்பிடித்து, அந்த இடத்தைச் சுத்தம் பண்ண வைத்தேன். இப்போது மண் தெரிகிறது. பெருச்சாளி தொல்லை பாதியாகக் குறைந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ இருக்கும்போது எத்தனை தடவை சொன்னாய், "வாங்கக்கா, நம்ப போயி கேப்போம்" என்று.

போன வாரம் ஒரு காலை, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "பெரியம்மா" என்று ஒரு குரல். உன் குரல் மாதிரியே இருந்தது. கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டேன்.

"பின்னாடி என்னமோ சலசலன்னுது. அத்தா வேலைக்குப் போயிட்டாங்க. வந்து நில்லுங்களேன்."

ஓடினேன். மட்டைக் குவியலிலிருந்து ஒரு கீரி தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, மதிலேறிப் போய்விட்டது. நஸ்ரின் மூச்சு விட்டாள். நான் கிளம்பத் திரும்பினேன். "பெரியம்மா" என்று மறுபடி கூப்பிட்டாள். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆட்டோல போவும்போது அம்மா இன்னா சொன்னாங்க? எனக்கு யாருமே சொல்லல."

அப்போதுதான் உறைத்தது. நீ தெளிவாகப் பேசிய அந்தக் கடைசி அரைமணி நேரம் என் ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் பயத்தில் பூட்டி வைத்திருந்தேன்.

"அடுப்புல பால் வச்சேன், அணைச்சீங்களாக்கான்னு கேட்டா" என்றேன்.

"அணைச்சீங்களா?"

ஆம் என்று சொல்லிவிடலாம். உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். "இல்லம்மா. அணைச்சிட்டேன்னு அவகிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "காலேஜ்லேருந்து வந்தப்ப கருகிப்போயி கெடந்துச்சு. நான்தான் அணைச்சேன். அந்தப் பாத்திரத்த தேய்க்க ரெண்டு நாளாச்சு."

அழுதாள், நூரு. உன்னைக் கொண்டுபோன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள். "அப்புறம் இன்னா சொன்னாங்க?" என்றாள்.

நானும் கீழே உட்கார்ந்தேன். நீ அவளுக்குக் காதணி மாற்றணும் என்று சொன்னது, கால் எரியுது என்றது, பாலம் தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்தது, எல்லாம் சொன்னேன். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சலீம் தம்பி இன்னும் பேசவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை, நூரு. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் மகள் உன்னைப் பற்றி எப்போது எதைக் கேட்டாலும், அது என்னையே சுடுகிற பதிலாக இருந்தாலும், உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்ட உடனே போய் நிற்பேன்.

சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் திறக்காத
உன் அக்கா,
வசந்தா