பதின்மூன்றும் ஐந்தும்

2024 ஜூன் 4, செவ்வாய்

மழை விடவில்லை. எங்கள் பெரிய டொக்டர் விஜிதரன் சேர் இன்று அவசரப் பிரிவில் எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு புதுக் கணக்கு சொல்லித் தந்தார். விலாவில் வலி என்று வருகிறவருக்குச் சிறுநீரகக் கல்லா இல்லையா என்று ஊகிக்க ஐந்து கேள்விகள். ஆணா பெண்ணா, வலி தொடங்கி எவ்வளவு நேரம், எந்த இனம், வாந்தி உண்டா, சிறுநீரில் இரத்தம் உண்டா. முழுப் புள்ளி பதின்மூன்று. பத்தும் அதற்கு மேலும் வந்தால் பெரும்பாலும் கல்தான், நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு சீ.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பலாம். ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் இங்கேயே வைத்துப் பார்ப்பது. இருக்கிறது ஒரு அம்புலன்ஸ். எல்லோரையும் அனுப்ப முடியாது. சேர் சொல்வது நியாயம்தான்.

இனக் கேள்வி அமெரிக்காவில் செய்தது. அங்கே கறுப்பினத்தவருக்குப் புள்ளி இல்லை, மற்றவர்களுக்கு மூன்று. ஆக எங்கள் மலையில் வருகிற அத்தனை பேருக்கும் சும்மாவே மூன்று. நர்ஸ் றுக்கையா மிஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொறந்ததுக்கே மூணு மார்க்கா டொக்டர்?"

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஒரு பன்னிரண்டு. நுவரெலியாவில் கல் என்று உறுதியாகிவிட்டது. சேருக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஜூன் 13, வியாழன்

படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்ப்போம்.

மதியம் ஒரே நேரத்தில் இரண்டு பேர். நிரஞ்சன், டவுனில் மரக்கறி லொறி வைத்திருப்பவர். காலையில் திடீரென்று பிடித்த வலி. கட்டிலில் புரண்டு புரண்டு கத்தினார். வாந்தி, சிறுநீரில் இரத்தம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. ஊசி போட்டு அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் காளியாயி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மலையிலிருந்து நனைந்தபடியே கணவர் மாயாண்டி கூட்டி வந்திருந்தார். சத்தமே இல்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெண், அதற்குப் புள்ளி இல்லை. வலி முந்தாநாளிலிருந்து, அதற்கும் இல்லை. இரத்தம் இல்லை. வாந்திக்கு இரண்டு, பிறந்ததற்கு மூன்று. ஐந்து.

காய்ச்சலும் இல்லை. நடுங்கினார், ஆனால் இந்த மழையில் நனைந்தால் யார்தான் நடுங்கமாட்டார்கள்? கம்பளியைப் போர்த்திவிட்டுத் திரும்பப் பார்த்தேன். நாடியைத் தொட்டேன். ஓட்டம். சும்மா படுத்திருக்கிறவருக்கு அப்படி ஓடக்கூடாது.

"மருந்து ஏதும் குடிச்சாங்களா?" என்று மாயாண்டியைக் கேட்டேன்.

"பனடோல் மாத்திரதாங்க. ரெண்டு நாளா அத முழுங்கிக்கிட்டுத்தான் மலைக்குப் போறா. காத்தாலயும் ரெண்டு போட்டா."

"ஏன் வீட்ல நிக்கல?"

காளியாயி சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "வீட்ல நின்னா பேரே இல்லீங்க. கொழுந்து கொறஞ்சாலே அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளமாக்கிருவாங்க டொக்டரம்மா."

அப்படியென்றால் காய்ச்சல் இல்லாமலில்லை. பனடோல் வலியோடு அதையும் அடக்கி வைத்திருக்கிறது.

கர்ப்பிணி கிளினிக்கிலிருந்த ஸ்கேன் மெஷினைத் தள்ளி வரச் செய்தேன். சிறுநீரகத்தைப் பார்க்க எனக்கு முறையாகத் தெரியாது. வலப்பக்கம் உள்ளே தண்ணீர் தேங்கின மாதிரி கறுப்பாக அகன்று கிடந்தது. இடப்பக்கம் அப்படி இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சேர் கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் எடுத்தேன்.

"எத்தனை?"

"அஞ்சு சேர்."

"மத்தவருக்கு?"

"பதின்மூணு."

"அப்ப என்ன யோசிக்கிறீங்க பிரேமினி?"

பனடோல், நாடி, ஸ்கேன் எல்லாம் சொன்னேன். "அந்தப் படத்த வாசிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது சேர்."

"நீங்க நிக்கிற எடத்துல நான் இல்ல. முடிவெடுங்க. ஆனா பதில் நீங்கதான் சொல்லணும்."

இரண்டு பேரையும் ஏற்றலாமா? ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான். காளியாயியின் பிரெஷர் வழியில் விழுந்தால் மிஸி பக்கத்தில் நின்று பார்க்க இடம் வேண்டும். உள்ளே கிருமி தொற்றியிருந்தால் நேரமில்லை. அன்டிபயோட்டிக்கை ஏற்றிவிட்டு, காளியாயியைத் தூக்கச் சொன்னேன்.

நிரஞ்சனின் அண்ணன் வாசலை மறித்தார். "எங்காளு துடிச்சிக்கிட்டு கெடக்கான், நீங்க பேசாம படுத்திருக்கிற பொம்பளைய ஏத்துறீங்க! ஒங்க தோட்டத்து ஆளுங்கிறதாலதானே?"

அவரை விலக்கி ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னேன். அம்புலன்ஸ் போய்விட்டது. அவர் வேன் பிடித்துத் தம்பியைக் கூட்டிப்போனார்.

நான் டயகம தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ஏத்தினேனா? அந்தக் கையில நாடி பார்த்தப்ப எனக்குத் தெரிஞ்ச கைன்னு தோணுச்சே, பொய்யா அது? ஐயோ. ஒண்ணும் இல்லாம வெறும் வாயுப்பிடிப்பா இருந்தா?

பாதி வழியில் மண் சரிந்து வாகனங்களை ஒரு பக்கமாக விடுகிறார்களாம். றுக்கையா மிஸி போனில் சொன்னார். "ஒடம்பு நெருப்பாக் கொதிக்கிது டொக்டர். பிரெஷர் எறங்குது. முன்னால லொறி நிக்கிது, ட்ரைவர் எறங்கிக் கெஞ்சிக்கிட்டிருக்காரு."

பிறகு லைன் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

காளியாயிக்குக் கல் சிறுநீர்க் குழாயை முழுக்க அடைத்திருக்கிறது. அதனால்தான் சிறுநீரில் இரத்தமே காட்டவில்லை. மேலே தேங்கியதெல்லாம் சீழ். முதுகு வழியாகக் குழாய் போட்டு வடித்திருக்கிறார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. தீவிர சிகிச்சையில் இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

நிரஞ்சனுக்கும் கல்தான். சின்னது. வலியும் பொய்யில்லை.

ஜூன் 15

ஒன்றும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

காளியாயி கண் திறந்து தேத்தண்ணி கேட்டாராம். மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படியே இன்னொரு செய்தி: நிரஞ்சனின் அண்ணன் என் மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்.

ஜூலை 10, புதன்

விசாரணை. மூன்று பேர் எதிரே. எல்லாம் சிங்களத்தில். பதின்மூன்றை விட்டுவிட்டு ஐந்தை ஏன் அனுப்பினீர்கள் என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. காளியாயி பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டமாக இருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். இருக்கலாம்.

"கல் இருக்கிறதா என்றுதான் அந்தக் கணக்கு கேட்கும். யார் சாகப்போகிறார் என்று கேட்காது" என்றேன். என் சிங்களம் அவர்களுக்கு விளங்கியதா தெரியாது.

பிறகு சேர் எழுந்தார். எனக்கு எதிராகத்தான் பேசுவார் என்று கையை மடிக்குள் பொத்திக்கொண்டேன். "அந்தக் கணக்கை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது நான், அது எதைக் கேட்காது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் நான்" என்றார். "அன்று நான் அங்கே நின்றிருந்தால் பதின்மூன்றைத்தான் அனுப்பியிருப்பேன், அந்தப் பெண்ணை இங்கேயே சாகவிட்டிருப்பேன்" என்றார். உட்காரும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

முறைப்பாட்டைத் தள்ளிவிட்டார்கள். நிரஞ்சனின் அண்ணன் டவுனில் எதிரே வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 28, புதன்

கிளினிக்குக்குக் காளியாயி வந்தார். கல்லை எடுத்தாயிற்று. வலச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. போன கிழமையிலிருந்து மலைக்குப் போகிறாராம். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா என்றேன். சிரித்தார்.

"தண்ணி நெறையக் குடிக்கணும், இல்லாட்டி திரும்பவும் கல்லு வரும். வேலை நேரத்துலயும்" என்றேன். எல்லோருக்கும் சொல்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"குடிச்சா எங்கங்க ஒதுங்குறது? கீழ லயத்துக்கு எறங்கித்தான் ஏறணும். அதுக்குள்ள கொழுந்து நிறுக்கப் போயிருவாங்க. அதான் நாங்க பொம்பளைங்க யாரும் காலையில இருந்து வாய நனைக்கிறதில்ல."

நானும் அப்படியொரு லயத்திலிருந்து வந்தவள்தான். என் அம்மாவிடம் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

"அப்ப இப்ப என்ன செய்றீங்க?"

"இப்பவா?" முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நாலு பேரு இடுப்புல கட்டுற படங்குத் துணிய அவுத்து மறைப்பா விரிச்சிப் புடிச்சிக்கிறோம். ஒருத்தி உள்ள போயி ஒதுங்குறா. மொத நாளு கங்காணி கத்துனாரு. நான் முதுகுல இருக்கிற தழும்பக் காட்டுனேன். இப்ப நாங்க படங்க அவுத்தா அவரே அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு."