பதினான்காவது ஆள் சொன்ன பொய்

ஜங்லிகாட், போர்ட் பிளேயர்
12.10.1972

அன்புள்ள சந்திரமதிக்கு,

உனக்கும் நீலாவதிக்கும் முருகன் துணையிருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மேலே உள்ள முகவரியைப் பார்த்ததும் நீ பதறியிருப்பாய். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டிய மனுஷனுக்குப் போர்ட் பிளேயரில் என்ன வேலை என்று கேட்பாய். ஒரு காரியமாக வந்தேன். கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. திரும்பிப் போகும் கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதாம். அதுவரை காதர் பாய் கடை மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. முதன்முதலில் இந்தத் தீவுக்கு வந்து கப்பலுக்குக் காத்திருந்தபோதும் இவர்தான் இடம் கொடுத்தார். அவர் மனைவி ஆமினா மூன்று வேளையும் சோறு அனுப்பிவிடுகிறார். நல்ல சோறு தின்று வெகுநாளாயிற்று. என் சமையலைப் பற்றி உனக்குத் தெரியும், அதை மாடு கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜூலைக் கப்பலில் உடையாமல் வந்தது. நீலாவதியிடம் வாத்தியாரம்மா அப்பா பெயரைக் கேட்டதற்கு, பெயரோடு என் ராணுவ நம்பரையும் சேர்த்து ஒப்பித்தாளாமே. அதைப் படித்துவிட்டு ஒண்டியாக உட்கார்ந்து சிரித்தேன். தென்னங்கன்றுகளில் காட்டுப்பன்றி தின்றது போக நூற்றெண்பது தேறியிருக்கின்றன. வீட்டுக்குத் தகரக் கூரை போட்டாகிவிட்டது. அடுப்படியில் பெரிய ஜன்னலாக வைத்திருக்கிறேன், உனக்குப் புகை ஆகாது என்பதால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்பது ஒன்றுதான், டாக்டர் வந்துவிட்டாரா என்று. நான் புறப்பட்ட அன்றைக்கே சொல்லிவிட்டாய், டாக்டர் இல்லாத ஊருக்கு இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று. அப்போது எனக்குக் கோபம் வந்தது. ரயிலில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். அறுபத்தைந்தில் நம் பையனுக்குக் காய்ச்சல் முற்றியபோது, கொட்டுகிற மழையில் மாட்டுவண்டியில் அவனை மடியில் போட்டுக்கொண்டு குடியாத்தம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. போய்ச் சேருமுன் மடியிலேயே போய்விட்டான். நான் அமிர்தசரஸுக்கு அப்பால் பதுங்குகுழியில் கிடந்தேன். எனக்குத் தந்தி வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. இந்த விஷயத்தில் உன்னிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன கடிதத்தில், டாக்டர் வருவது உறுதி, தை மாதம் வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன் என்று எழுதினேன். சந்திரமதி, டாக்டர் வரப்போவதில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற சுபேதார் ஹர்நாம் சிங் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர்தான் மனு எழுதினார். நிரந்தரமாக ஒரு டாக்டரும் நான்கு கட்டிலும் வேண்டும் என்று கேட்டு, குடியேறிய முன்னாள் ராணுவத்தினர் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நேரில் பார்த்து முடிவு செய்ய ஜூன் மாதம் ஓர் அதிகாரியும் ஒரு டாக்டரும் கப்பலில் வந்தார்கள். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நோவு உள்ளவனைப் படுக்கவைத்துக் காட்டுவான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மூன்று நாள் முன்னதாகவே பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். பழைய காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்தோம். மெடல்களைப் பளபளவென்று துலக்கினோம். காலை எட்டு மணிக்குக் கம்பவுண்டர் கொட்டகை முன்னால் முப்பத்திரண்டு பேர் ஒரே வரிசையாக நின்றோம். எனக்கு அன்று குளிர்காய்ச்சல். ஏழு மணி வரை இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவன், எழுந்து போய்ப் பதினான்காவது ஆளாக நின்றேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒவ்வொருவரிடமும் ஏதாவது தொந்தரவு உண்டா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தார். ஹர்நாம் சிங்குக்குக் கை நடுக்கம், தேநீர் தம்ளரைக் கூட நிலையாகப் பிடிக்க முடியாது. அவர் நெஞ்சை நிமிர்த்தி, சப் டீக் ஹை, சாப் என்றார். அவரே எல்லாம் சரி என்று சொன்ன பிறகு எவன் வாயைத் திறப்பான்? உனக்கு இது விளங்காது. பட்டாளத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று போய் நின்றால், வேலைக்கு டிமிக்கி கொடுக்க வந்தவன் என்றுதான் பார்ப்பார்கள். மாத்திரை கொடு, வேலைக்கு அனுப்பு என்று எழுதிவிடுவார்கள். கூட இருக்கிறவன்கள் ஒரு மாதத்துக்குக் கேலி செய்வான்கள். பதினெட்டு வருஷம் அப்படி இருந்து பழகிவிட்டது. என் முறை வந்தது. டாக்டர் என் இடது பக்கமாக நின்று என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. மற்றவர்களை விடச் சத்தமாக டீக் ஹை, சாப் என்றேன். பிறகு எல்லோரும் பகோடா தின்று டீ குடித்தோம். பரேடு முதல் தரம் என்று ஹர்நாம் சிங் தோளைத் தட்டினார்.

ஆகஸ்டில் பதில் வந்தது. குடியேறியவர்களின் உடல்நிலை திருப்தியாக இருக்கிறது, இப்போதுள்ள கம்பவுண்டரே போதும், டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார், நிரந்தர டாக்டர் பதவி வேறு தீவுக்குப் போகிறது என்று எழுதியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

முத்துமணியைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த மனைக்காரன், கோவில்பட்டிப் பக்கம். எங்கள் மனை வரிசையில் என்னோடு தமிழ் பேச அவன் ஒருவன்தான். போன மாதக் கடைசியில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. கம்பவுண்டரிடம் போய் வாயுவுக்கு மாத்திரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்று நாள் என்னோடு நின்று மரம் வெட்டினான். என்னடா என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லண்ணே, வாயுதான் என்றான். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. நான்காம் நாள் கோடரியோடு சாய்ந்தான். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல். நான் கூடவே ஏறினேன். வழியில் நன்கௌரித் தீவு தாண்டியதும் என் சட்டையைப் பிடித்தபடியே போய்விட்டான். குடல்வால் வெடித்திருக்கிறது, மூன்று நாள் முன்னால் டாக்டர் கண்ணில் பட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று இங்கே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இங்கேயே கொள்ளி வைத்தேன். காதர் பாய் விறகு ஏற்பாடு செய்து, கடைசி வரை கூட நின்றார். அவன் மனைவிக்குத் தந்தி கொடுத்தேன். அந்த நாலு வார்த்தையை எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று.

மறுநாளே ஜூனில் வந்த அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, முடியாதென்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவது என்று வைராக்கியமாகத்தான் போனேன். நல்ல மனுஷன், என்னை அடையாளம் கண்டுகொண்டு, என் பட்டாளப் பதவியைச் சொல்லி, நாயக் சாப், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். என் குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்தன. கை சல்யூட்டுக்கு உயர்ந்தது. டீக் ஹூன், சாப், நன்றாக இருக்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. அப்படியே திரும்பி நடந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கே கிருஷ்ணன் என்று ஒரு குமாஸ்தா இருக்கிறான், நாலு தலைமுறையாக இந்தத் தீவிலேயே இருக்கிற குடும்பம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து விசாரித்தான். அண்ணே, நீங்க பட்டாளத்து ஃபௌஜி ஆளுங்க, ஜான் போனாலும், உசுரே போனாலும் வாயைத் திறக்க மாட்டீங்க, உங்க வீட்டம்மா கிட்டேருந்து ஒரு அர்ஜி வரட்டும், சாப் மேஜை வரைக்கும் நானே கொண்டுபோறேன் என்றான்.

அதனால் அந்த மனுவை நீ எழுத வேண்டும். எட்டாவது வரை படித்தவள், உன் கையெழுத்தும் என்னுடையதை விட நன்றாக இருக்கும். உன்னிடமும் நான் உண்மை சொன்னதில்லை. இரண்டரை வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் சௌக்கியம் என்றே எழுதினேன். இப்போது சொல்கிறேன், அப்படியே மனுவில் எழுது. சண்டையில் பக்கத்தில் பீரங்கி ஷெல் விழுந்ததிலிருந்து இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. இடது முட்டியில் இன்னும் அதன் துண்டு ஒன்று இருக்கிறது, மழைக்காலத்தில் மடக்க முடியாது. குளிர்காய்ச்சல் ஏழு தடவை வந்துவிட்டது. காட்டில் பெரிய மரம் சாயும் சத்தம் கேட்டால் குப்புற விழுந்துவிடுகிறேன். ஹர்நாம் சிங்கின் கையைப் பற்றியும் எழுது, அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும். முத்துமணிக்கு வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள் என்று எழுது. இந்த ஆம்பிளைகள் கேட்கமாட்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிறோம் என்று எழுது. அவன் மனைவிக்கும் தெரியப்படுத்து, அவளும் ஒன்று எழுதட்டும். காதர் பாய் கடை விலாசத்துக்கு அனுப்பினால் கிருஷ்ணனிடம் சேர்ந்துவிடும்.

நீலாவதிக்கு என் ஆசீர்வாதம். இன்னும் ஒன்று. ஆறு நாளில் அந்தக் கரைக்குத் திரும்பப் போகிறேன். அங்கே இனி என்னை அண்ணே என்று கூப்பிட ஆள் இல்லை. உன்னை வா என்று எழுத எனக்கு வாயில்லை, வராதே என்று எழுதக் கை வரவில்லை. நான் நன்றாக இல்லை, சந்திரமதி. இதை மட்டும் மனுவில் சேர்க்காதே, நீ வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்
பன்னீர்செல்வம்